விண்வெளியில் எது ஆயுதம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

விண்வெளியில் ஆயுதங்களுக்குத் தடை வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். 1967ஆம் ஆண்டு ஒப்பந்தமே அதைத் தடை செய்துவிட்டதாகத்தானே படித்திருக்கிறோம்? பிறகு ஏன் ஐ.நா.வில் வருடாவருடம் இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்? ஜிபிஎஸ்ஸே ராணுவம் உருவாக்கியதுதான் என்னும்போது 'அமைதிக்கு மட்டும்' என்பதற்கு என்ன பொருள்? தடை போட்டாலும் வல்லரசுகள் திருட்டுத்தனமாகச் செய்யத்தானே போகின்றன? நிலாவுக்கும் இதே விதிதானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவை ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து படித்தபோதுதான் அது எவ்வளவு குறைவாகத் தடுக்கிறது என்று தெரிந்தது. அணு ஆயுதங்களையும் மற்ற பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது. வேறு எந்த வகையிலும் விண்வெளியில் வைக்கக் கூடாது. சாதாரண வெடிகுண்டு, பீரங்கி, லேசர் ஆகியவற்றைப் பூமியைச் சுற்றவிடுவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அணுகுண்டைச் சுமந்த ஏவுகணை விண்வெளி வழியாகப் பாய்ந்து இன்னொரு கண்டத்தில் போய் விழுவதற்கும் தடை இல்லை, ஏனென்றால் அது அங்கே 'நிறுத்தப்படவில்லை', கடந்துதான் போகிறது. நல்ல வக்கீல் மூளை.

இந்த ஓட்டை வழியாக ஒரு பீரங்கியே மேலே போயிருக்கிறது. சோவியத் யூனியன் 1974இல் அனுப்பிய சல்யூட் 3 விண்வெளி நிலையத்தில் போர் விமானத் துப்பாக்கி ஒன்றை மாற்றியமைத்துப் பொருத்தியிருந்தார்கள். 1975 ஜனவரியில், உள்ளே ஆள் யாரும் இல்லாத நேரத்தில், தரையிலிருந்து இயக்கிச் சுட்டும் பார்த்தார்கள். ஒப்பந்தத்தின் ஒரு எழுத்துகூட மீறப்படவில்லை.

சரி, அணுகுண்டை மட்டும் ஏன் அவ்வளவு அக்கறையாகத் தடுத்தார்கள்? அதன் விளைவைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் பெருங்கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பில் கிளம்பிய எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன, அந்த வழியாகப் போன செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகக் கெட்டன. அதில் பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளும் உண்டு, அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளியுடையது! மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளும் தப்பவில்லை. மேலே வெடித்தால் எதிரியுடையது எது, நம்முடையது எது என்று குண்டுக்குத் தெரியாது. 1963இல் விண்வெளி அணுச்சோதனையைத் தடை செய்யும் உடன்பாட்டில் இரண்டு வல்லரசுகளும் கையெழுத்துப் போட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

விண்குப்பையும் இதே மாதிரிதான். 2007 ஜனவரியில் சீனா தன்னுடைய பழைய வானிலைச் செயற்கைக்கோளான ஃபெங்யுன்-1சியைச் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் ஏவுகணையால் தகர்த்தது. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள். அந்த உயரத்தில் காற்றின் உராய்வு கிட்டத்தட்ட இல்லை என்பதால் பல இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில். அமெரிக்கா 1985இலும் 2008இலும், இந்தியா 2019 மார்ச்சிலும் இதே வேலையைச் செய்தன. இந்தியச் சோதனை 300 கிலோமீட்டருக்கும் கீழே நடந்ததால் துண்டுகளில் பெரும்பாலானவை சீக்கிரம் விழுந்து எரிந்தன, ஆனால் சில மேலே வீசப்பட்டன. 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மாஸ் 1408 என்ற தன் பழைய செயற்கைக்கோளை உடைத்தபோது சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் விண்கலங்களுக்குள் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் ரஷ்யர்கள்.

இப்போது உங்கள் ஐ.நா. கேள்வி. எல்லோரும் ஒரே தடையைக் கேட்கவில்லை, அதுதான் சிக்கல். ரஷ்யாவும் சீனாவும் 2008இல் ஒரு வரைவைக் கொண்டுவந்தன, 2014இல் திருத்தித் தந்தன: விண்வெளியில் எந்த ஆயுதத்தையும் வைக்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தரையிலிருந்து ஏவிச் செயற்கைக்கோள்களைத் தகர்க்கும் ஏவுகணையை, அதாவது அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை, வைத்திருக்க அது தடை சொல்லவில்லை. மேலே இருப்பதைச் சரிபார்க்கவும் வழி சொல்லவில்லை. அமெரிக்கா அதை ஏற்காததற்குச் சொன்ன காரணங்கள் இவை, நியாயமானவைதான். 2022 ஏப்ரலில் அமெரிக்கா அந்த மாதிரி ஏவுகணைச் சோதனையை இனிச் செய்ய மாட்டோம் என்று அறிவித்தது, அந்த டிசம்பரில் பொதுச்சபையில் 155 நாடுகள் அதை ஆதரித்தன, 9 எதிர்த்தன, 9 ஒதுங்கிக்கொண்டன. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தன, இந்தியா ஒதுங்கிக்கொண்டது. இரண்டு தடவை செய்து கற்றுக்கொண்டவன் இனி யாரும் செய்யாதீர்கள் என்கிறான் என்று கேலி செய்தால் அதுவும் நியாயம்தான். அப்புறம் 2024 ஏப்ரலில், விண்வெளியில் அணு ஆயுதம் வைக்க மாட்டோம் என்ற பழைய வாக்குறுதியையே மறுபடி உறுதி செய்யச் சொன்ன தீர்மானத்தைப் பாதுகாப்பு சபையில் ரஷ்யா வீட்டோ செய்தது. எல்லா ஆயுதங்களையும் சேர்த்துத் தடை செய் என்றது. அடுத்த மாதம் அப்படியே ரஷ்யா ஒரு தீர்மானம் கொண்டுவந்தது, ஆதரவு 7, எதிர்ப்பு 7, தோற்றது.

என் கருத்து இதுதான்: விண்வெளியில் ஒரு பொருளைத் தடை செய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம், ஒரு செயலைத் தடை செய்யலாம். 2020இல் அமெரிக்கக் கலம் ஒன்று எரிபொருள் தீரும் நிலையிலிருந்த ஒரு தொலைத்தொடர்புக் கோளை நெருங்கிப் பற்றிக்கொண்டு அதன் ஆயுளை நீட்டித்தது. 2022இல் சீனக் கலம் ஒன்று செத்துப்போன கோள் ஒன்றை இழுத்துக்கொண்டு போய் ஒதுக்குப்புறமான பாதையில் விட்டது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் பழுதான கோளைப் பிடிக்கத் தெரிந்த கை, வேலை செய்துகொண்டிருக்கும் கோளையும் பிடிக்கும். இதில் எதை ஆயுதம் என்பீர்கள்? மேலே போகாமலேகூட வேலையை முடிக்கலாம். 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கிய அன்று, ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவையின் தரை மோடம்களை இணையவழியாகத் தாக்கி ஆயிரக்கணக்கில் முடக்கினார்கள். கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் ஒரு கோளை உடைத்துத் துண்டுதுண்டாகச் சிதறடிப்பது சந்தேகத்துக்கு இடமில்லாத செயல். திருட்டுத்தனமாகச் செய்வார்களே என்கிறீர்கள், இதைத் திருட்டுத்தனமாகச் செய்யவே முடியாது. விண்வெளியைக் கண்காணிக்கும் ரேடார் வைத்திருக்கும் நாடுகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். சரிபார்ப்புக்குத் தனியாக ஆய்வாளர்களை அனுப்ப வேண்டியதில்லை, குப்பையே சாட்சி. அதனால் இதில் ஆரம்பிக்கலாம் என்கிறேன். யாராவது மீறினால் என்ன தண்டனை என்று கேட்டால், பேர் கெடும், அதற்கு மேல் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

ஜிபிஎஸ் விஷயத்துக்கு வருகிறேன். 'அமைதி' என்ற சொல்லுக்கு ராணுவம் தொடவே கூடாது என்று பொருள் கொண்டால் பாதி செயற்கைக்கோள்களை இறக்க வேண்டியிருக்கும். நடைமுறையில் 'ஆக்கிரமிப்புக்குப் பயன்படுத்தாதது' என்றுதான் பல நாடுகள் அதைப் படிக்கின்றன. எனக்கும் அதில் பெரிய மறுப்பு இல்லை. ஏனென்றால் 1972இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஏவுகணைகளுக்கு வரம்பு வைத்துக்கொண்டபோது, ஒருவர் எண்ணிக்கையை இன்னொருவர் சரிபார்க்க உளவுக்கோள்கள்தான் கண்ணாக இருந்தன. அவற்றுக்கு இடையூறு செய்ய மாட்டோம் என்று உடன்பாட்டிலேயே எழுதி வைத்தார்கள், உளவு என்ற சொல்லை மட்டும் நாசூக்காகத் தவிர்த்துவிட்டு.

நிலாவின் விதி வேறு. நிலாவிலும் மற்ற விண்பொருட்களிலும் ராணுவத் தளம், ஆயுதச் சோதனை, போர்ப்பயிற்சி எதுவும் கூடாது என்று 1967 ஒப்பந்தம் வெளிப்படையாகவே சொல்கிறது, 'அமைதிக்கு மட்டும்' என்ற சொற்கள் அங்கேதான் வருகின்றன, சுற்றுப்பாதைக்கு அவற்றைப் போடவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்காக ராணுவ ஆட்கள் போகலாம். அப்பல்லோ 11இல் போன மூன்று பேரில் ஆல்ட்ரின், காலின்ஸ் இருவரும் அப்போது விமானப்படை அதிகாரிகள்தான்.