தேர் திரும்பும் முனை: சிம் ரேசிங் (கணினித் திரையில் ஓட்டும் கார் பந்தயம்) கேள்வி பதில்

கேள்வி: இத்தாலியின் மோன்சா டிராக்கில் ஜிடி3 ரக ரேஸ் வண்டியில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 53 விநாடிக்குக் கீழே இறங்க முடியவில்லை. எல்லா வளைவிலும் என் நண்பனைவிடத் தாமதமாகத்தான் பிரேக் மிதிக்கிறேன். அவனோ 2 விநாடி முன்னால் போகிறான். எப்படி?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

தம்பி, தாமதமாக மிதிப்பதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மோன்சா 5.793 கிலோமீட்டர், 11 வளைவுகள். கடைசி வளைவுக்கு 2021-இல் ஆல்போரெட்டோ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் பழைய பெயரான பரபோலிகாதான். அங்கே வண்டி 260 கி.மீ. வேகத்திலிருந்து 160-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் தாமதமாக மிதித்தால் மிச்சமாவது சுமார் 0.04 விநாடி. அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ப்பாதை. ஒரு கிலோமீட்டரைச் சராசரி 220-இல் கடக்க 16.36 விநாடி, 223-இல் கடக்க 16.14. வளைவைவிட்டு வெளியேறும்போது கிடைத்த அந்த 3 கி.மீ. வேகத்தில் 0.22 விநாடி இருக்கிறது. நீங்கள் நாலணாவைப் பொறுக்கக் குனிந்து ரூபாயைத் தவறவிடுகிறீர்கள். நண்பன் அதைப் பொறுக்கிக்கொண்டு போகிறான்.

சிறுவயதில் மதுரைச் சித்திரைத் தேர் தெற்கு மாசி வீதியிலிருந்து மேல மாசி வீதிக்குத் திரும்பும் முனையில் போய் நின்றுகொள்வேன். எல்லாரும் அம்மனைப் பார்ப்பார்கள், நான் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரைப் பார்ப்பேன். தேரின் முகம் அடுத்த வீதிக்கு நேராகும் வரை வடத்தை முழுப் பலத்தோடு இழுக்க விடமாட்டார்கள். கோணலாக நிற்கும்போது இழுத்தால் தேர் யார் வீட்டுத் திண்ணையைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. முகம் நேரானதும் ஒரு சத்தம் எழும்பும் பாருங்கள்! உங்கள் ஆக்ஸிலேட்டருக்கும் அதுதான் விதி. ஸ்டீயரிங்கை எவ்வளவு நேராக்குகிறீர்களோ அவ்வளவுதான் மிதிக்கலாம்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே முழுதாக விட்டுவிடுவது இன்னொரு தவறு. பிரேக் மிதிக்கும்போது எடை முன்சக்கரங்களில் இறங்குகிறது, அதனால் அவை ரோட்டைக் கவ்வுகின்றன. காலைச் சட்டென்று எடுத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். ஆகவே நேராக இருக்கும்போது பலமாக மிதித்து, திருப்பத் திருப்பக் காலைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். டிரெயில் பிரேக்கிங் என்பது இவ்வளவுதான். டயருக்குச் சம்பளம் ஒன்று, செலவு இரண்டு: நிறுத்தவும் திருப்பவும். இரண்டுக்கும் முழுச் சம்பளத்தையும் கேட்டால் முன்பக்கமோ பின்பக்கமோ வழுக்கும்.

இன்று இரவு பரபோலிகாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட 10 மீட்டர் முன்னால் பிரேக் பிடியுங்கள். வளைவின் உள்விளிம்பைச் சற்றுத் தாமதமாகத் தொடுங்கள். நேர்ப்பாதையின் நடுவில் ஏதாவது ஒரு பலகையைக் குறித்துக்கொண்டு, அங்கே வேகம் எத்தனை என்று ஒவ்வொரு சுற்றிலும் தாளில் எழுதுங்கள். பதினைந்து சுற்று போதும். திரையில் பிரேக் புள்ளியைக் காட்டும் அந்தச் சிவப்பு, பச்சைக் கோட்டை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கண் வண்டியின் மூக்கைத் தாண்டிப் போகாது.

கேள்வி: என் மகன் விலை உயர்ந்த ஸ்டீயரிங் வாங்கினால்தான் வேகம் கூடும் என்கிறான். உண்மையா? இதிலிருந்து நிஜ ரேஸுக்குப் போக முடியுமா?
– ஒரு தந்தை, மேலூர்

ஐயா, முதலில் மகன் உட்காரும் நாற்காலியைப் பாருங்கள். அதற்குச் சக்கரம் இருக்கிறதா? நான் ஆரம்பித்தபோது அப்படி ஒன்றில்தான் உட்கார்ந்தேன். பலமாகப் பிரேக் மிதித்ததும் டிராக்கில் வண்டி நின்றது, அறையில் நான் பின்னால் உருண்டு போய் பீரோவில் இடித்தேன். மறுநாள் பழைய மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டேன். செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் அது.

பணம் செலவழித்தே ஆகவேண்டும் என்றால் பெடலுக்குச் செலவழியுங்கள். சாதாரண பெடல் கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளக்கும். லோட் செல் வைத்த பெடல் எவ்வளவு பலமாக மிதித்தோம் என்று அளக்கும். காலுக்குத் தூரத்தைவிடப் பலம்தான் நன்றாக நினைவிருக்கும். நான் பஸ் பட்டறையில் பிரேக் வேலை பார்த்தவன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிஜ ரேஸுக்குப் போனவர்கள் உண்டு. ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டன் இளைஞர் 2011-இல் கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய வீடியோ விளையாட்டு வழியாக ஜிடி அகாடமி போட்டியில் வென்று, 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலேயே ஓட்டினார். ஆனால் மகனை ஒருமுறை கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தயம் பார்க்க வையுங்கள். டயர் வாசனையும் வெயிலும் திரையில் வராது. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பேசுவோம்.

கேள்வி: நீங்கள் சொல்லும் ரேஸ் லைனை கொடைக்கானல் மலைப்பாதையில் முயன்று பார்க்கலாமா?
– வாசகர், திருநகர்

கூடாது. ரேஸ் லைன் என்றால் ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வது. டிராக்கில் எதிரே யாரும் வரமாட்டார்கள், மலையில் பஸ் வரும். என் அப்பா அந்த வழியில் பஸ் ஓட்டியவர். ஒரு கொண்டை ஊசி வளைவில்கூட ஹாரன் அடிக்காமல் திரும்பியதில்லை. இறங்கும்போது கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.