அம்மாவின் கட்டியில் ‘மெத்திலேஷன்’: எனக்கும் தம்பிக்கும் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டியின் அறிக்கையில் ‘எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் காணப்படவில்லை; எம்.எல்.எச்.1 மெத்திலேஷன் பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்தவர், “இது மரபணுக் கோளாறு, பிள்ளைகளுக்கும் வரும்” என்று சொல்லி எனக்கும் தம்பிக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை எடுக்க வைத்தார். எனக்கு 21, 92ஏ என்ற இரண்டும் கூடுதல், ‘அதிக ஆபத்து’ என்று வந்திருக்கிறது. எனக்கு வயது 39. இரவில் தூக்கமே இல்லை.

பதில்: ரத்தம் எடுக்க வந்தவர் விஷயத்தைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் அறிக்கையில் ‘மெத்திலேஷன்’ என்று இருப்பது, இது பரம்பரையாக வந்த நோய் இல்லை என்பதற்கான அடையாளம்.

செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணு எம்.எல்.எச்.1. அது வேலை செய்யாமல் போக இரண்டு வழி உண்டு. அந்த மரபணுவின் எழுத்தே பிழையாக இருக்கலாம். அது பெற்றோரிடமிருந்து வரும். லிஞ்ச் நோய்க்குறி என்பார்கள். இன்னொன்றில் எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் பக்கத்தைப் பசை தடவி ஒட்டிவிட்டதுபோலச் செல்லால் அதைப் படிக்க முடியாது. மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் மரபணுவின் தொடக்கத்தில் வரிசையாக ஒட்டிக்கொள்வதுதான் அந்தப் பசை. வயதான காலத்தில் குடலின் ஏதோ ஒரு செல்லில் இப்படி நடந்து, அந்தச் செல் பெருகிக் கட்டியாகிறது. நீங்கள் பிறந்து பல வருடம் கழித்து அம்மாவின் குடலில் நடந்தது உங்களுக்கு எப்படி வரும்? பி.எம்.எஸ்.2 ஏன் இல்லை என்றும் குழம்ப வேண்டாம். எம்.எல்.எச்.1 துணை இல்லாவிட்டால் அந்தப் புரதம் நிலைக்காமல் சிதைந்துவிடும்.

பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதத்தில் இந்தத் திருத்தும் வேலை கெட்டிருக்கும். லிஞ்ச் மொத்தத்தில் 3 சதவீதம் போல. மீதியில் பெரும்பாலானவை உங்கள் அம்மாவுடையதைப் போன்றவை. வயதானவர்கள், அதிலும் பெண்கள், வலப்பக்கக் குடல். அறிக்கையில் ‘பி-ராஃப் வி600இ’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். கட்டியில் பி-ராஃப் என்ற இன்னொரு மரபணுவில் விழும் எழுத்துப் பிழை அது. அதுவும் பாசிட்டிவ் என்றால் லிஞ்ச் பற்றிய பேச்சை அநேகமாக மூடிவிடலாம். நெகட்டிவ் என்றாலும் பதற வேண்டாம். மெத்திலேஷன் உள்ள எல்லாக் கட்டியிலும் அது இருப்பதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் அடுத்த ஆள் உங்களைப் பயமுறுத்துவார். மிக அபூர்வமாகச் சிலருக்கு இந்தப் பசை கட்டியில் மட்டுமின்றி உடம்பு முழுக்க, ரத்த அணுக்களிலும்கூட, பிறவியிலேயே இருக்கும். சின்ன வயதிலேயே, உதாரணமாக 50க்கு முன்னால், கட்டி வந்தவர்களிடமும் குடல், கருப்பை என்று ஒன்றுக்கு மேற்பட்ட புற்றுநோய் வந்தவர்களிடமும் இதைச் சந்தேகிப்போம். அதற்குப் பார்க்க வேண்டியது நோயாளியின் ரத்தத்தில் எம்.எல்.எச்.1 மெத்திலேஷன்; பிள்ளைகளின் மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லை. அப்படி இருந்தாலும் எல்லாம் பிள்ளைக்குப் போகாது. கருமுட்டையும் விந்தும் உருவாகும்போது இந்த ஒட்டல்கள் பெரும்பாலும் துடைக்கப்பட்டுவிடும். மரபணுவின் அருகிலேயே ஓர் எழுத்துப் பிழை இருந்து, அதுவே பசையை வரவழைக்கிறது என்றால்தான் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 71 வயதில் முதன்முறையாகக் கட்டி வந்தவரிடம் இதைத் தேட எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்கு முன்பே வேறு புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, உங்கள் ‘அதிக ஆபத்து’ தாளுக்கு வருவோம். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ. துண்டு. அது ஒன்றும் கட்டுக்கதை இல்லை. 1993இல் அதைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 2024இல் நோபல் பரிசு வாங்கினார்கள். நோபல் கண்டுபிடிப்புக்கு, உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு இல்லை. 21 என்ற எண் கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. பல புற்றுநோய்களில் கூடும், உடம்பில் எங்காவது அழற்சி இருந்தாலும் கூடும். 92ஏ இன்னும் மோசம்: அது சிவப்பணுக்களுக்குள் ஏராளமாக இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் ஊசியை இழுத்து இழுத்து எடுத்தாலோ, குழாய் பையில் குலுங்கிக்கொண்டே மணிக்கணக்கில் சுற்றினாலோ சிவப்பணு உடைந்து 92ஏ வெளியே கொட்டும். ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரான சீரம் நல்லதாக இருந்தால் வெளிர் மஞ்சளாக இருக்கும், அணு உடைந்தால் ரோஸ் நிறம் தட்டும். கண்ணுக்கு நிறம் தெரியும் முன்பே எண் ஏறிவிடும் என்பதுதான் சிக்கல். உங்கள் ரத்தம் எத்தனை மணி நேரம் அந்தப் பையில் இருந்தது?

கணக்கையும் பாருங்கள். உங்கள் வயதில் 1000 பேரில் ஒருவருக்கு மறைந்திருக்கும் குடல் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அதைவிடக் குறைவு. பரிசோதனை 90 சதவீதம் சரி என்று தாராளமாகவே கொடுத்தாலும், நோய் இல்லாத 100 பேருக்கு ‘அதிக ஆபத்து’ என்று வரும். தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை விற்றவர் உங்களிடம் விற்றிருக்கவே கூடாது.

அடுத்து அவர் மூன்று மாதம் கழித்து ‘மறு பரிசோதனை’ என்பார், நடுவில் மெத்திலேஷனைச் சரிசெய்யும் மாத்திரை என்று ஒரு டப்பா நீட்டுவார். இரண்டையும் வாங்காதீர்கள். எனக்குக் கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. சங்கேத எழுத்துகள் நிறைந்த அறிக்கையை அச்சிட்டு உறையில் போட்டுக் கொடுக்கிறோம், பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்க ஆள் வைப்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பையோடு வருபவர் பிடித்துக்கொள்கிறார்.

தாய்க்கு வந்ததால் உங்கள் இருவருக்கும் ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். 40 வயதில் குடல் பரிசோதனையைத் தொடங்குங்கள். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியா, மலத்தில் ரத்தம் பார்ப்பதா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை என்று ஏதாவது இருந்தால் 40 வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், ‘எம்.எல்.எச்.1 காணப்படவில்லை’ என்ற அந்த வரி பயன்படப்போவது அம்மாவுக்குத்தான். திருத்தும் வேலை கெட்ட கட்டிகள், பரவிய நிலையில் இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு நன்றாகக் கேட்கும். இரண்டாம் நிலையிலேயே எடுத்துவிட்டார்கள் என்றால் வழக்கமான 5-எஃப்.யூ. கீமோ மட்டும் தனியாகக் கொடுப்பதில் பலன் இல்லை. அடுத்த முறை போகும்போது, “எம்.எல்.எச்.1 இல்லாததை வைத்து அம்மாவின் சிகிச்சையில் என்ன மாறும்?” என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.