‘ஸ்பெஷல் ஸ்கூலில் போட்டுவிடுங்கள்’ என்று டீச்சர் சொன்னால்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படிக்கிறான். கணக்கை வாயால் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறான். புத்தகத்தைக் கொடுத்துப் படி என்றால் அழுகிறான். போன வாரம் வகுப்பு டீச்சர், “இங்கே எங்களால் முடியாது, ஸ்பெஷல் ஸ்கூலில் போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார். மாமியார் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டிருக்கிறார். தனியார் சைக்காலஜிஸ்டிடம் போனால் ஆயிரக்கணக்கில் ரேண்ட் ஆகுமாம். அடுத்த ஜனவரியில் இவனை எங்கே சேர்ப்பது?

பதில்: அம்மா, எங்கே சேர்ப்பது என்று கேட்கிற இடத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய சில காரியங்கள் நடந்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. டீச்சர் வாயால் சொன்னது அவருடைய அபிப்பிராயம். ஒரு பிள்ளையை ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பும் அதிகாரம் டீச்சருக்கும் இல்லை, தனியாகத் தலைமையாசிரியருக்கும் இல்லை. அந்த முடிவு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எடுக்கப்படுவது. அங்கே போய்ச் சேர்வதற்கு ஒரு காகிதப் பாதை இருக்கிறது.

2014 டிசம்பரில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட கொள்கை ஒன்று உண்டு. ஆசிரியர்கள் அதைச் சுருக்கமாக ‘சயாஸ்’ என்பார்கள். பிள்ளைக்கு என்ன தடை, எவ்வளவு உதவி தேவை என்று படிப்படியாகக் கண்டறிவது அதன் வேலை. முதல் படி எஸ்.என்.ஏ. 1 என்ற படிவம். அதை வகுப்பு டீச்சரே உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்ப வேண்டும். பிள்ளை எதில் கெட்டிக்காரன், எங்கே தடுமாறுகிறான், வீட்டில் எப்படி இருக்கிறான், உடல்நலம் எப்படி, டீச்சர் இதுவரை என்னென்ன செய்து பார்த்தார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அதற்குப் பிறகும் பலன் இல்லையென்றால்தான் பள்ளிக்குள் இருக்கும் ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2-ஐக் கையில் எடுத்து, அவனுக்கென்று ஒரு தனி உதவித் திட்டம் எழுதும். அந்தத் திட்டத்தை நடத்திப் பார்த்தும் போதவில்லையென்றால் மாவட்டக் குழுவுக்குப் போகும். அங்கே நிரப்புவது எஸ்.என்.ஏ. 3. சாட்ஸ்வொர்த் பள்ளிகள் உம்லாசி கல்வி மாவட்டத்தில் வருகின்றன.

ஆகவே நாளைக்கே பள்ளிக்குப் போய், “என் மகனுக்கு எஸ்.என்.ஏ. 1 நிரப்பியாகிவிட்டதா? எனக்கு ஒரு நகல் வேண்டும்” என்று மரியாதையாகக் கேளுங்கள். பல வருஷம் இப்படிப்பட்ட ஆதரவுக் குழுவில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஒரு கேள்வி கேட்ட பெற்றோரிடம் பள்ளி பேசுகிற விதமே வேறாகிவிடும். டீச்சரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தனுக்காக ஒதுங்கி உட்கார அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனால் அவருடைய களைப்பு உங்கள் மகனுடைய பள்ளியை முடிவு செய்யக் கூடாது.

படிவம் ஒரு பக்கம் நடக்கட்டும். கண்ணையும் காதையும் இந்த மாதமே பாருங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதவே மாட்டாள், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். நாங்கள் எல்லோரும் அவளைச் சோம்பேறி என்று நினைத்தோம், நானும்தான். கண்ணாடி போட்ட பிறகுதான் அவளுக்குப் பலகையில் எழுத்து இருப்பதே தெரிந்தது. பக்கத்து கிளினிக்கில் காட்டி, ஆர்.கே. கான் மாதிரி அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கண், காது, பேச்சு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாமியாருடைய நேர்த்திக்கடன் அவருடைய அன்பு, அதைத் தடுக்க வேண்டாம். காவடிக்கு முன்னால் காதுப் பரிசோதனை முடிந்திருக்கட்டும்.

கணக்கை வாயால் சொல்கிறவன் எழுத்தில் மட்டும் தடுக்கி விழுகிறான் என்றால், வாசிப்புக் குறைபாடு என்று ஒன்று இருக்கிறதே, டிஸ்லெக்சியா, அதைப் பற்றி ஆதரவுக் குழுவிடம் பேச வேண்டும். பார்க்காமல் நான் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையாக எனக்குத் தோன்றவில்லை. வாசிப்பில் மட்டும் தடுமாறுகிறவனுக்கு வேண்டியது, எழுத்தையும் ஒலியையும் சேர்த்து மெதுவாக, திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுக்கும் ஒருவர். பரீட்சையில் கூடுதல் நேரம். கேள்வியை வாசித்துக் காட்ட ஓர் ஆள். தேவைப்பட்டால் சொல்லச் சொல்ல எழுத இன்னோர் ஆள். இவை சலுகைகள் என்ற பெயரில் மெட்ரிக் வரைக்கும், அதாவது 12-ஆம் வகுப்பு இறுதிப் பரீட்சை வரைக்கும் உண்டு. மெட்ரிக்குக்கு வேண்டுமானால் 10-ஆம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும், கடைசி வருஷத்தில் ஓடிப் பயனில்லை.

இனி பள்ளிகளின் வகை. 2001-இல் வந்த அரசின் கல்விக் கொள்கை ஆவணமான ஆறாம் வெள்ளை அறிக்கை மூன்று விதமான இடங்களைச் சொன்னது. கொஞ்சம் உதவி போதும் என்றால் சாதாரணப் பள்ளி. நடுத்தர உதவி வேண்டும் என்றால் ‘ஃபுல் சர்வீஸ்’ பள்ளி. அதுவும் சாதாரணப் பள்ளிதான், கூடுதல் ஆதரவோடு. மிக அதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குத்தான் ஸ்பெஷல் ஸ்கூல். பக்கத்து சாதாரணப் பள்ளிகளுக்கு யோசனையும் கருவிகளும் கொடுக்கும் வள மையமாகவும் அது இருக்க வேண்டும் என்பது எண்ணம். உங்கள் பகுதியில் எது ஃபுல் சர்வீஸ் பள்ளி என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். நம்மவர்கள் பலர் இந்த நடு இடம் ஒன்று இருப்பதே தெரியாமல் ஒன்று இங்கே, இல்லாவிட்டால் அங்கே என்று தவிக்கிறார்கள்.

ஸ்பெஷல் ஸ்கூல் என்றாலே சிலர் முகம் சுளிப்பதும் எனக்கு வலிக்கிறது. டர்பனின் வடக்கே வி.என். நாயக் காது கேளாதோர் பள்ளி, ஃபீனிக்ஸில் உடல் இயக்கம் பாதித்த பிள்ளைகளுக்கான ஸ்பெஸ் நோவா, பீட்டர்மாரிட்ஸ்பர்கில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஆர்தர் பிளாக்ஸால் பள்ளி போன்றவை தேவையுள்ள பிள்ளைக்கு வரப்பிரசாதம். 2023-இல் சைகை மொழி நம் நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆகியிருக்கிறது. அந்த மொழியில் பாடம் கேட்கிற பிள்ளையை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. உங்கள் மகனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல் பொருந்துமா என்பதுதான் பேச்சு. சும்மா ஒரு படிவம் இல்லாமல் அங்கே தள்ளினால், அந்த இடம் உண்மையில் தேவைப்படும் இன்னொரு பிள்ளை காத்திருப்போர் பட்டியலிலேயே நிற்கும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது பெற்றோரின் உரிமையையும் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஒரு அரசுப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாகாணக் கல்வி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். இன்னொன்று: பள்ளிப் படிப்பின் ஒரு கட்டத்தில் ஒரு முறைதான் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். முதல் வகுப்பிலிருந்து மூன்று வரை ஒரே கட்டம். உங்கள் மகன் அந்த ஒரு முறையைப் பயன்படுத்திவிட்டான். அடுத்த வருஷம் நாலாம் வகுப்புக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதனால்தான் தனி உதவித் திட்டம் இப்போதே எழுதப்பட வேண்டும் என்கிறேன். நாலாம் வகுப்பில் சமூக அறிவியலும் அறிவியலும் வாசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியவை.

பணம்: தனியார் சைக்காலஜிஸ்ட் அறிக்கை இல்லாமலே எஸ்.என்.ஏ. 1 தொடங்கலாம். யாராவது முதலில் அறிக்கையைக் கொண்டுவா என்றால், அந்தக் கோரிக்கையை எழுதித் தரச் சொல்லுங்கள். கடன் வாங்கிப் போக வேண்டாம். சிலர் அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசாவின் பராமரிப்புச் சார்பு உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அது நிரந்தரமாகக் கடும் ஊனத்தோடு முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. வாசிப்புச் சிரமத்துக்கு அது பொருந்தாது. வருமானம் குறைவு என்றால் சாதாரணக் குழந்தை உதவித்தொகையும், பள்ளிக் கட்டண விலக்கும் பாருங்கள்.

பள்ளிக்குப் போகும்போது கணவரையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுதிக்கொள்ளலாம். பேசி முடித்த அன்று மாலையே, இன்ன தேதியில் இன்னது பேசினோம் என்று நாலு வரியில் தலைமையாசிரியருக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் முழுவதும் படியுங்கள். ‘எதில் கெட்டிக்காரன்’ என்ற இடத்தில் வெறுமனே கோடு போட்டிருந்தால், அவன் வாயால் கணக்குச் சொல்வதை அங்கே எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.