செஸ் போனபின் பீடித் தொழிலாளர் நலப்பணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: முக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி சுற்றுகிறார். அடையாள அட்டை இருக்கிறது. தங்கையின் படிப்புக்கான உதவித்தொகை இன்னும் கணக்கில் ஏறவில்லை. ஜி.எஸ்.டி. வந்ததும் பீடி செஸ்ஸை எடுத்துவிட்டதால் இனி அந்தப் பணமே வராது என்று பீடிக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். இது உண்மையா? எம்.பி.யிடம் மனு கொடுப்பதென்றால் என்ன கேட்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, கடையில் பேசிக்கொள்வதில் பாதிதான் உண்மை. செஸ், அதாவது தொழிலாளர் நலனுக்கென்று பீடி மீது வசூலித்த தனி வரி, போய்விட்டது; நலத்திட்டம் போகவில்லை. ஆனால் பணம் வரும் வழி மாறிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டால்தான் எம்.பி.யிடம் கேட்க வேண்டியது எது என்பது விளங்கும்.

1976இல் நாடாளுமன்றம் பீடித் தொழிலாளருக்காக இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று செஸ் வசூலிப்பதற்கு, மற்றொன்று நலநிதி அமைப்பதற்கு. ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்ற செஸ் நடப்பில் இருந்த காலத்தில், உங்கள் அம்மா நாளொன்றுக்கு 600 பீடி வீதம் ஆண்டில் 300 நாள் சுற்றிக் கொடுத்திருந்தால், அவர் பெயரில் கணக்கேறிய 1,80,000 பீடிக்குக் கம்பெனி கட்ட வேண்டிய செஸ் 900 ரூபாய். சுளகில் விழும் பீடிக்கும் நலநிதிக்கும் இப்படி நேரான கணக்கு ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது செஸ் சட்டம் நீக்கப்பட்டு அந்தக் கணக்கு அறுந்தது. நலநிதிச் சட்டம் மட்டும் நின்றது.

ஜி.எஸ்.டி.யில் பீடிக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 56ஆவது கூட்டம் அதை 18 சதவீதமாகவும், பீடி இலைக்கான வரியை 18இலிருந்து 5 சதவீதமாகவும் குறைக்க முடிவு செய்தது. இந்த வரியில் எந்தப் பங்கும் நலநிதிக்கென்று தனியே ஒதுக்கப்படுவதில்லை என்பதால், வரி குறைந்ததால் உதவித்தொகையும் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது பணம் வருவது மத்திய பட்ஜெட்டிலிருந்து. தொழிலாளர் அமைச்சகம் தன் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையில் 'தொழிலாளர் நலத் திட்டம்' என்று ஒரு வரி (பட்டியல் வரிசை) இருக்கும். அதற்கு நேரே முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு (ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கியது), திருத்திய மதிப்பீடு (ஆண்டின் நடுவே மாற்றியது), வரும் ஆண்டின் மதிப்பீடு என நான்கு எண்கள் நிற்கும். பெரும்பாலோர் கடைசி எண்ணைப் பார்த்து மகிழ்கிறார்கள் அல்லது வருந்துகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, பட்ஜெட் மதிப்பீட்டுக்கும் திருத்திய மதிப்பீட்டுக்கும் இடையே எவ்வளவு வெட்டு விழுந்தது, அதிலும் எவ்வளவு செலவாகாமல் நின்றது என்பதைத்தான். ஒதுக்கிய பணம் ஊர் வந்து சேராத கதை அந்த இடைவெளியில்தான் தெரியும்.

செஸ் இருந்த காலத்திலும் பணம் முதலில் மத்திய அரசின் பொதுக் கருவூலமான இந்தியத் தொகுநிதிக்குப் போய், நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பிறகே நலநிதிக்கு வந்தது என்பது உண்மைதான். ஆனாலும் 'இது எங்கள் கைப்பாட்டிலிருந்து வந்த பணம்' என்று தொழிலாளி உரிமையோடு கேட்க அன்று ஓர் ஆதாரம் இருந்தது. அது போய்விட்டதால், ஆண்டுதோறும் அந்த ஒரு வரியைக் கண்காணிக்கும் பொறுப்பு மக்களவை உறுப்பினர்களுக்கு முன்னைவிடக் கூடியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் கண்காணிப்பு முதலில் நடப்பது தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டுக்கான நிலைக்குழுவில். இரு அவைகளையும் சேர்ந்த 31 பேர் கொண்ட இக்குழு, பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் அமைச்சக அதிகாரிகளை அழைத்து மானியக் கோரிக்கையை வரிவரியாக விசாரிக்கும். பிறகு மக்களவையில் சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே விவாதத்துக்கு வரும். எஞ்சியவை 'கில்லட்டின்' முறையில் விவாதமின்றி ஒன்றாக நிறைவேறிவிடும். ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்ட உறுப்பினர் 100 ரூபாய் வெட்டுத் தீர்மானம் (கோரிய தொகையில் அடையாளமாக 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) கொடுக்கலாம் என்றாலும், தொழிலாளர் அமைச்சகத்தின் கோரிக்கை விவாதத்துக்கு வந்தால்தான் அதற்குப் பயன். செலவான பிறகு ஆராயும் பொதுக் கணக்குக் குழுவும் இருக்கிறது. அது மெதுவாக நகர்வது, உங்கள் தங்கையின் படிப்புக் காலத்துக்குள் உதவாது.

ஆகவே, நாடாளுமன்றக் கேள்வியே உங்களுக்கு ஏற்ற வழி. மக்களவையில் ஒரு நாளுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடை தரும், நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளும், எழுத்தில் விடை தரும் 230 கேள்விகளும் இடம்பெறும். பொதுவாக 15 முழு நாட்களுக்கு முன்னே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது எம்.பி. அலுவலகத்தில் மனுவைச் சேர்த்துவிடுங்கள். 'உதவித்தொகை வரவில்லை, ஆவன செய்ய வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அது பரிந்துரைக் கடிதமாகவே போகும். இப்படி எழுதுங்கள்: 'கடந்த மூன்று நிதியாண்டுகளில் தொழிலாளர் நலத் திட்டத்தின் கீழ் பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் கல்வி உதவிக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு? திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் செலுத்தப்பட்டது, நிலுவைக்குக் காரணம் என்ன?' அமைச்சர் 'பரிசீலனையில் உள்ளது' என்று விடை தந்தால் அதையும் தள்ளிவிட வேண்டாம். அது உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்பட்டால், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிகள் குழு என்று தனிக்குழுவே இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தங்கையின் விண்ணப்ப எண்ணைப் போட்டு, கல்லூரி சரிபார்ப்பு முடிந்ததா, அடுத்த நிலைக்குப் போனதா என்று பாருங்கள். வங்கிக் கணக்குடன் ஆதார் இணைந்திருக்கிறதா, அம்மாவின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் தங்கையின் சான்றிதழில் உள்ள தாய் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலெல்லாம் குறையில்லை என்றால், விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எங்கே நிற்கிறது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலின் நகலை எம்.பி.க்குக் கொடுக்கும் மனுவோடு சேர்த்துக் கட்டுங்கள்.