சோர்ஸிலிருந்து பைதான் நிறுவியும் பிப் ஏன் வேலை செய்யவில்லை?

உபுண்டுவில் பைதான் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி நீங்களே கம்பைல் செய்திருக்கிறீர்கள். பைதான் ஓடுகிறது, பொதிகளை நிறுவும் கருவியான பிப் மட்டும் 'எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை' என்று மறுக்கிறது. பிப்பைத் தனியாகத் தேடி நிறுவப் போகாதீர்கள். 3.4 பதிப்பிலிருந்தே அது பைதானோடு சேர்ந்தே வருகிறது. கட்டியதை நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுக்கும்போதே பைதானின் 'என்ஷ்யூர்பிப்' மாட்யூல் அதை நிறுவிவிடும்.

கோளாறு அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. எஸ்எஸ்எல் மாட்யூல் பாதுகாப்பான இணைப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தை நம்பியிருக்கிறது. அதன் ஹெடர் கோப்புகள் (கம்பைலுக்குத் தேவையான அறிவிப்புக் கோப்புகள்) கிடைக்காவிட்டால் கம்பைல் நின்றுவிடாது. எஸ்எஸ்எல் மாட்யூலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கட்டி முடித்துவிடும். விடுபட்ட மாட்யூல்களின் பெயர்களை மேக் கடைசியில் காட்டத்தான் செய்கிறது, அதுவரை ஓடிய வரிகளைப் பார்த்துக் களைத்தவர் கண்ணில் அது எங்கே படும்! பிப்போ பொதிகள் இருக்கும் பைபிஐ தளத்திடம் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் பேசும்; அதற்கு எஸ்எஸ்எல் மாட்யூல் வேண்டும்.

சரி, லிப்எஸ்எஸ்எல்-டெவ் (ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹெடர்கள் இதில்தான்), ஸீலிப்1ஜி-டெவ் இரண்டையும் ஆப்ட் மூலம் நிறுவுங்கள். சுருக்கிய கோப்புகளை விரிக்கும் நூலகமான ஸீலிப் இல்லாவிட்டால் பிப் பொதியைப் பிரிக்கவே முடியாது. பைதான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஓபன்எஸ்எஸ்எல் குறைந்தது 1.1.1 ஆக இருக்க வேண்டும். பழைய சர்வர்களில் இதுதான் தடுக்கும். அப்புறம் கம்பைலுக்கு முந்தைய கான்ஃபிகர் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். முடிவில் மேக் இன்ஸ்டாலுக்குப் பதில் மேக் ஆல்ட்இன்ஸ்டால் கொடுங்கள்; 'பைதான்3' என்று அடித்தால் உபுண்டுவின் சொந்தப் பைதானே தொடர்ந்து வரும். உங்களுடையதைப் 'பைதான்3.12' என்று பதிப்பு எண்ணோடு கூப்பிட்டுக்கொள்ளலாம்.