ஹார்மோன் கூடினால் ஆபத்து என்கிறார்கள். பிறகு ஏன் ஊசி?

கேள்வி: என் கணவருக்கு வயது 52, எடை 94 கிலோ, சர்க்கரை நோயும் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது குடல் ஹார்மோன் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். ஆனால், மாரடைப்பு வந்தவர்களுக்கு அந்த ஹார்மோன் கூடியிருந்தால் ஆபத்து என்று படித்தேன். முதலில் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துவிடலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: நீங்கள் படித்ததும் சரி, டாக்டர் சொன்னதும் சரி.

சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று ஜி.எல்.பி-1. இன்சுலினைத் தூண்டும்; 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும்; இரண்டே நிமிடங்களில் பாதி சிதைந்துவிடும். மாரடைப்பு நோயாளிகளிடம் இதை அளந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், அளவு கூடியிருந்தவர்களுக்கே பின்னாளில் பாதிப்பு அதிகம் என்று 2020-இல் எழுதினார்கள்.

வேளச்சேரியில் இருக்கிறீர்கள், மழைக்காலத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் தெருவில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் அதிகம் ஓடுகின்றனவோ அங்கேதான் தண்ணீரும் அதிகம். அதற்காக வெள்ளத்தைக் கொண்டுவந்தது மோட்டார் என்போமா? உடலில் அழற்சி கூடும்போது இந்த ஹார்மோனும் கூடுகிறது. சேதத்தை ஈடுகட்ட உடல் எடுக்கும் முயற்சியாகவே இதைப் பார்க்கிறோம்.

ரத்தப் பரிசோதனை வேண்டாம். முடிவு எதுவாக வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை, பணம்தான் வீண்.

ஊசியில் இருப்பது, இந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்து, ஒரு வாரம் வரை தாக்குப்பிடிக்கும்படி மாற்றி அமைத்த மருந்து. இந்த வகை மருந்தான செமாகுளூடைடை 17,604 பேரிடம் சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். அனைவரும் எடை கூடிய இதய நோயாளிகள், ஆனால் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. விளம்பரங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். நூறு பேரில் 8 பேருக்கு வந்தது 6.5 பேராகக் குறைந்தது என்பதே அதன் பொருள். நல்ல பலன்தான், மாயம் இல்லை. சர்க்கரை நோயாளிகளிடம் இதே வகை மருந்தான லிராகுளூடைட் 13 சதவீதம் குறைத்ததை 2016-லேயே பார்த்தோம். அதே குடும்பத்து லிக்சிசெனடைட், மாரடைப்புக்குப் பின் கொடுத்துப் பார்த்தபோது பலன் தரவில்லை. அதனால் எந்த மருந்து என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவருக்கு இதயத்தின் பம்பிங் குறைந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, ஊசி தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இன்சுலின் போடுகிறார் என்றால் அதன் அளவைக் குறைக்க வேண்டிவரலாம்.

முதல் சில வாரங்களில் குமட்டல் சகஜம். வழக்கமாக நான்கு இட்லி சாப்பிடுபவர் இரண்டோடு எழுந்தால் வற்புறுத்தாதீர்கள். எனக்குக் கவலை வாந்தியைப் பற்றித்தான். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையும் அதோடு வெளியே வந்துவிட்டால் ஸ்டென்ட் அடைபடும் அபாயம் உண்டு. மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால், அன்றே டாக்டரை அழைத்துக் கேளுங்கள்.