அப்பாவின் லுங்கியை வெட்டித் தைக்கும் மகள் என்ன படிக்கலாம்?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

அப்பா இறந்த பிறகு மகள் அவருடைய லுங்கியையும் சட்டையையும் வெட்டி ஏதாவது தைத்துக்கொண்டே இருக்கிறாள், ஃபேஷன் டிசைன்தான் படிப்பேன் என்கிறாள், பெரியப்பாவோ இன்னொரு வருடம் நீட் கோச்சிங் போகட்டும் என்கிறார் என்று கவலைப்படுகிறீர்கள். அவள் தைப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாக 1987-ல் ஆளுக்கொரு துணி, 3 அடிக்கு 6 அடி, தைக்கத் தொடங்கினார்கள். இறந்தவரின் சட்டையையே வைத்துத் தைத்தவர்களும் உண்டு. உங்கள் மகள் யாரும் சொல்லித்தராமலே அதைச் செய்கிறாள். மிஷினைப் பூட்டி வைக்காதீர்கள்.

நீட் வேண்டாம். உயிரியல் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா ஃபீஸ் கட்டுவார், சரி. வீணாகப் போகும் வருடம் யாருடையது?

அதற்காக வீட்டை அடமானம் வைத்துத் தனியார் ஃபேஷன் கல்லூரியில் சேர்ப்பதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். அவள் மனதை ஆற்றுவது தையல். அதற்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் தேவையில்லை. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் நல்ல இடம்தான், ஆனால் 4 வருடம், பல லட்சம்.

உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பத்தில் 3 வருட டிப்ளமோ. 10-ம் வகுப்பு முடித்தவர்களுக்கான படிப்பு, +2 முடித்தவர்களும் சேரலாம். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவு, மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. அங்கே துணியைக் கடையில் வாங்கி வெட்ட மாட்டார்கள். நூலில் தொடங்கி, சாயம் போட்டு, பாவு (தறியின் நீளவாட்டு நூல்) ஓட்டி, தறியில் உட்கார்ந்து நெய்வார்கள். கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து, அதைத் தறியில் டிசைன் விழவைக்கும் கருவிகளான டாபியிலும் ஜக்கார்டிலும் ஏற்றுவார்கள். எந்தச் சாயம் பருத்தியில் நிற்கும், எது ஒரே துவைப்பில் ஓடிவிடும் என்பது சாயக்கூடத்தில் கைபடப் பழகினால்தான் புரியும். லுங்கிக்குப் பேர்போன குடியாத்தத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தெரியவில்லை. (பக்கத்திலேயே ஆரணிப் பட்டு வேறு!) முடித்த பிறகு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், நெசவாளர் சேவை மையங்கள், கோ-ஆப்டெக்ஸ், ஏற்றுமதி நிறுவனங்கள் என்று முயற்சி செய்யலாம். சொந்தமாக டிசைன் செய்து விற்கவும் தைரியம் வரும். சம்பளம் ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது, அதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சேலத்துக்கு ஒருமுறை அவளை நேரில் கூட்டிப்போய்த் தறிக்கூடத்தைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், வேறு வழி பேசுவோம்.

அப்புறம், அவள் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிப்போடு குழப்பாதீர்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. விண்ணப்பம் போடும் முன்பே அங்கே கூட்டிப்போங்கள்.